கொலையாளிக்குக் கட்டிய காப்பு

வெள்ளெருக்கம்பாளையத்தில் மாரியம்மனுக்கு நோம்பி சாட்டிவிட்டால், திருவிழா என்று ஊருக்கு அறிவித்துவிட்டால், அன்றைக்கு ஊருக்குள் யார் யார் இருக்கிறார்களோ அவர்களெல்லாம், மருமகனாக இருந்தாலும் சரி, மாட்டு வியாபாரியாக இருந்தாலும் சரி, கோயில் முன்னால் நட்ட கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விடுகிறவரைக்கும் எல்லையைத் தாண்டி ராத்தங்கக் கூடாது. பகலில் தாராபுரம் போகலாம், திருப்பூருக்குத் தைக்கப் போகலாம், சினிமாவுக்குக்கூடப் போகலாம், ஆனால் பொழுது சாயும்போது உடம்பு ஊருக்குள் இருக்க வேண்டும் என்பது அங்கே பால்குடி மறக்காத குழந்தைக்கும் தெரிந்த சட்டம், அந்தச் சட்டத்துக்குள் அந்த வருடம் ஒரு கொலையாளியும் வந்து மாட்டிக்கொண்டார்.

அவராக வரவில்லை. சுகந்தாமணி வரவைத்தாள், அதுவும் வேண்டுமென்று இல்லை, பக்தியில். அவளுக்குப் பஸ் ஸ்டாப்பை ஒட்டி ஒரு கடை, முன்பக்கம் ஜெராக்ஸும் ஆதார் திருத்தமும், பின்பக்கம் தட்டிக்கு அந்தாண்டை பையன்கள் வந்து விளையாடுகிற இரண்டு வீடியோ கேம் மெஷின்களும். வீட்டுக்காரர் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தார், வருடத்துக்கு ஒருமுறை வந்து ஒரு வாரம் தூங்கிவிட்டு எழுந்து போய்விடுவார். குழந்தை குட்டி இல்லை. கடையைச் சாத்திக்கொண்டு போனால் வீட்டில் பேச்சுக் கொடுக்கச் சுவர்தான் இருக்கும் என்பதால், மெஷின் சரியாக ஓடுகிறதா என்று ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தவள் அப்படியே இரண்டு வருடம் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த விளையாட்டில் பூமி கிடையாது. கெட்டுப்போன ஒரு சூரியனைச் சுற்றி வளையம் வளையமாக ஊர்கள், அந்த ஊர்களில் மூச்சுவிடும் காற்றைக்கூட ஒரு கம்பெனிதான் விற்கும், கம்பெனிக்கு ஆகாதவர்களைக் கொல்வது ஒருவருடைய வேலை, அந்த ஒருவரைத்தான் விளையாடுகிறவர்கள் நடத்திக் கூட்டிப்போக வேண்டும். ஆனால் அவர்மேல் கோபம் வரவே வராதபடி அதைச் செய்தவர்கள் செய்திருந்தார்கள். அவருக்கு ஒரே மகள், தீராத நோய், மருந்து கிடைக்கிறவரைக்கும் என்று அவளைக் கம்பெனி ஒரு குளிர்ப்பெட்டிக்குள் தூங்கவைத்திருக்கிறது, இவர் ஒரு ஆளை முடித்தால் பெட்டி இன்னும் கொஞ்ச காலம் ஓடும். தூங்குகிறவரைக் கொல்ல மாட்டார், பிள்ளைகள் பார்க்கக் கொல்ல மாட்டார், கொல்லப்போகிற ஆள் செய்த பாவத்தையெல்லாம் கம்பெனி எடுத்துச் சொல்ல, தலையைக் குனிந்து முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார். முடிந்ததும் பிணத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, "நான் வருந்துகிறேன்" என்பார், தமிழில்தான், யாரோ செய்தி வாசிக்கிறவர் குரல் கொடுத்த மாதிரி இருக்கும். அந்த இடத்தைத் தாண்டி ஓட்ட அதில் வழி இல்லை, சுகந்தாமணிக்குத் தாண்டவும் தோன்றாது. அவர் வருந்தும்போது அவளும் வருந்துவாள், முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொள்வாள், துடைத்துக்கொண்டு அடுத்த ஆளைத் தேடிக் கிளம்புவாள்.

கடைசிக் கட்டத்துக்கு வந்து நின்றபோது, ஏற்கெனவே முடித்த யாரோ போட்டிருந்த வீடியோவைப் போனில் பார்த்தாள், பாதிதான் பார்க்க முடிந்தது. ஒரு இரும்புக் கதவு, கதவுக்குப் பின்னால் அவருடைய மகள், கொல்ல வேண்டிய ஆள் அவள்தான். அதற்கும் கம்பெனி ஒரு காரணம் வைத்திருந்தது, குறை சொல்ல முடியாத காரணம், பெண்ணின் நோய் பெட்டியை மீறிப் பரவ ஆரம்பித்துவிட்டது, அவளை விட்டால் வளையத்து ஜனமெல்லாம் செத்துப்போகும் என்று. கதவைத் திறக்க ஒரு பொத்தான் இருந்தது, திறக்காமல் திரும்பிப்போக ஒன்றும் இல்லை, வேறு முடிவே அதில் வைக்கவில்லை. சுகந்தாமணி வீடியோவை அணைத்தாள், விளையாட்டைக் கதவுக்கு முன்னால் அப்படியே நிறுத்திவைத்தாள், பையன்களை அந்த மெஷின் பக்கம் அண்டவிடவில்லை. எத்தனையோ மாதம் அவர் கதவைப் பார்த்தபடி, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அந்த விளையாட்டே அப்படித்தான், பின்னாலிருந்து நடத்துகிறவர்களுக்கு அவருடைய முதுகு மட்டும்தான் தெரியும்.

நோம்பி சாட்டிய அன்று பூசாரி அவினாசியப்பன் கொடுத்த மஞ்சள் கயிற்றை ஊர்க்காரர்கள் காப்பாகக் கையில் கட்டினார்கள், வாசல் நிலையில் கட்டினார்கள், கறவை மாட்டுக்கும் டிராக்டருக்கும் கட்டினார்கள். சுகந்தாமணியிடம் ஒரு கயிறு மிச்சம் இருந்தது. ஓய்வு ஒழிச்சலில்லாமல் ஓடுகிறதே பாவம் என்று, ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்கிற அதே கையால், அதை அந்த மெஷினுக்குக் கட்டிவிட்டாள். மறுநாள் காலையில் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றக் குடத்தோடு போன பெண்கள், கறுப்பு உடுப்பில் ஒரு ஆள் கம்பத்தைப் பார்த்தபடி நிற்பதையும் அவருடைய வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு இருப்பதையும் பார்த்தார்கள். மற்றவர்களுக்கு யாரென்று தெரியவில்லை. சுகந்தாமணிக்கு முதுகைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"உள்ளுக்கு ஆளிருக்கற சாமானத்துக்குக் காப்புக் கட்டுவாங்களா அம்முணி?" என்றார் பூசாரி. "பொட்டிக்குக் கட்டறதா நெனச்சு நீ கட்டிப்போட்டே. அது அவரு கையிலயும் போய் உளுந்திருச்சு."

"தெரியாமப் பண்ணிப்போட்டனுங்க. இப்பவே அவுத்துப்போடட்டுங்களா?"

"சாட்டுன பொறவு அவுக்கறதா? நல்லாப் பேசுனே போ. கம்பம் புடுங்கற அன்னிக்குத்தான் அவுக்கோணும், அதும் கட்டுன கைதான் அவுக்கோணும்."

கோயில் தர்மகர்த்தா நாச்சிமுத்து வந்தார். புதிதாக வந்த ஆளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஊர் முறைப்படி விசாரித்தார்.

"உங்களுக்கு எந்த ஊருங்க?"

"எனக்கு ஊர் இல்லை, ஐயா. வளையங்கள் உண்டு."

"தொழிலுங்க?"

"கொலை."

"செரி. நோம்பி முடியறமுட்டும் இங்க கோழிகூட அறுக்கறதில்லீங்க."

"புரிந்துகொண்டேன்."

"அப்பச் சரிங்க. காப்பி குடிக்கறீங்களா, மோரு குடிக்கறீங்களா?"

அவ்வளவுதான் விசாரணை. அவருடைய ஆயுதம், வளைந்து நீலமாக வெளிச்சம் விடுகிற ஒரு சாமான், கோயில் அறையில் சூலத்துக்கும் வேலுக்கும் பக்கத்தில் சாத்திவைக்கப்பட்டது, பூசாரி போகிற போக்கில் அதற்கும் ஒரு பொட்டு வைத்தார். சாட்டிய பிறகு ஊருக்குள் இருக்கிறவர் ஊருக்கே விருந்தாளி என்பதால் எல்லோரும் அவரை ஒறம்பரை என்று கூப்பிட்டார்கள். பால் சொசைட்டித் திண்டில் பாய் போட்டுக் கொடுத்தார்கள், சோறு வீட்டு முறை வைத்து வந்தது, பழைய கம்பங்கூழைக் குடித்துவிட்டு, "இது மிக நன்று" என்று அவர் செய்தி வாசிக்கிற குரலில் சொன்னதைப் பெண்கள் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

ஊர்க்காரர்களுக்கு எல்லை என்பது பயம், அவருக்கு அது சுவர். வாய்க்கால் பக்கத்து எல்லைக்கல் வரை நடந்து போவார், அதற்குமேல் கால் எழும், விழும், இடம் மட்டும் நகராது. திருப்பூர் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்கள் அவர் நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துக் கையை ஆட்டுவார்கள், அவரும் நடையை நிறுத்தாமல் பதிலுக்கு ஆட்டுவார். மகளுடைய பெட்டி எவ்வளவு காலம் ஓடுமோ என்ற கவலை அவரைத் தின்றுகொண்டிருந்தது, அதைச் சுகந்தாமணியைத் தவிர வேறு யாரும் கண்டுகொள்ளவில்லை. தென்னை ஏற ஆள் கிடைக்காமல் அல்லாடிக்கொண்டிருந்த ஊருக்கு அவர் கயிறும் தளையும் இல்லாமல் மரம் ஏறுகிறார் என்பது தெரிந்துவிட்டது, அப்புறம் அவருடைய கவலையைப் பற்றி யார் கேட்பார்கள்?

அவருடைய தொழிலைப் பற்றி மட்டும் கேட்டார்கள். முதலில் வந்தவர் கிழக்குத் தோட்டத்துப் பெரியவர், தேங்காய் எண்ணுகிற சாக்கில் பக்கத்தில் வந்து, "நோம்பி முடிஞ்சொடனே ஒரு சின்ன வேலைங்க, எங்க பங்காளி மேற்காலத் தோட்டத்துக்காரன்" என்று ஆரம்பித்து, வாய்க்கால் தண்ணீரிலிருந்து செத்துப்போன எருமை வரைக்கும் சொல்லி முடித்தார். மதியம் அந்தப் பங்காளி வந்தார், அவர் பங்குக்கு அதே வாய்க்காலையும் அதே எருமையையும் சொன்னார். அங்கன்வாடி டீச்சர் ஆயாவைச் சொன்னாள், ஆயா டீச்சரைச் சொன்னாள். மாமியார்கள் வந்தார்கள், மருமகள்கள் வந்தார்கள், பூசாரி யாருக்கும் தெரியாமல் வந்து நாச்சிமுத்துவைச் சொல்லிவிட்டுப் போக, நாச்சிமுத்து எல்லோருக்கும் தெரியவே வந்து பூசாரியைச் சொன்னார். ஒறம்பரை ஒருவரையும் தடுக்கவில்லை. சொசைட்டித் திண்டில் தலையைக் குனிந்து உட்கார்ந்து, கம்பெனி சொல்வதைக் கேட்ட மாதிரியே, எல்லாவற்றையும் முழுக்கக் கேட்டார்.

அந்த நோம்பியைப் போலச் சண்டை சச்சரவு இல்லாத ஒரு நோம்பி அந்த ஊரில் நடந்ததே இல்லை. இன்னும் சில நாளில் ஆள் இருக்கப் போவதில்லை என்று தெரிந்த பிறகு பங்காளியிடம் முகம் கொடுத்துப் பேச யாருக்குக் கஷ்டம்? மேற்குத் தோட்டத்துக்காரர் கிழக்குத் தோட்டத்துக்குத் தண்ணீரை ஒரு நாள் கூடுதலாகவே விட்டார். மருமகள்கள் மாமியார்களுக்குத் தலைவாரிப் பூ வைத்தார்கள். எல்லோருக்கும் நன்றாகத் தூக்கம் வந்தது.

ஒறம்பரைக்குத்தான் வரவில்லை. ஒருநாள் கடைக்கு வந்து ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அவருடைய முகத்தைச் சுகந்தாமணி அவ்வளவு கிட்டத்தில் அப்போதுதான் பார்த்தாள், தூக்கம் கெட்ட சாதாரண முகம், தாடையில் தென்னம்பாளை கீறிய காயம்.

"சுகந்தாமணி அவர்களே, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இந்த ஊரில் உள்ள ஒவ்வொருவரைப் பற்றியும் யாரோ ஒருவர் என்னிடம் சொல்லிவிட்டார். காரணங்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன. எதையும் மறுக்க முடியவில்லை."

"என்னையுஞ் சொன்னாங்களா?"

"உங்களையும்."

"ஆருங்க அது?"

அதை அவர் சொல்லவில்லை. தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதல்லவா. "இதே ஆட்கள்தான் எனக்குச் சோறு போடுகிறார்கள்" என்றார். "கம்பெனி எனக்குச் சொன்ன காரணங்களும் இவ்வளவு நன்றாகத்தான் இருந்தன. நான் கொன்றவர்கள் வீட்டில் நான் சாப்பிட்டதில்லை. அவ்வளவுதான் வித்தியாசமா?"

சுகந்தாமணி ஜெராக்ஸ் மெஷின் பக்கம் திரும்பினாள். மெஷினில் தாள் இருக்கிறதா என்று திறந்து பார்த்தாள், இருந்தது, மூடினாள்.

"மகளுக்காகச் செய்தேன்" என்றார் அவர். "அவள் எழுந்து கேட்டால் சொல்வதற்கு என்னிடம் இருப்பது இந்த ஒன்றுதான். இன்னும் ஒரே ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. அதை முடித்தால் அவளை எழுப்பித் தந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கம்பம் எப்போது பிடுங்குவார்கள்?"

"வார புதன்கெழமைங்க" என்றவள், விண்ணப்பம் கொடுக்க வந்து நின்றவரை அப்படியே விட்டுவிட்டு, தட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

புதன்கிழமை வந்தது. மாவிளக்கு எடுத்தாயிற்று, பூவோடு என்கிற தீச்சட்டி எடுத்தாயிற்று, பொங்கல் வைத்தாயிற்று, மேளக்காரர்கள் கம்பத்தைச் சுற்றி நின்றார்கள், எல்லோரும் அவரவர் கயிற்றை அவிழ்த்துக் கம்பத்தடியில் போட்டார்கள், மெஷினுக்குக் கட்டிய கயிறு ஒன்றுதான் பாக்கி. கடையைத் திறந்துகொண்டு உள்ளே போன சுகந்தாமணி போனபடியே திரும்பி வந்து, "எனக்குக் கை வரலீங்க" என்றாள்.

ஊர் திகைத்துப் பார்த்தது. முடிச்சு இறுகிவிட்டதோ என்று ஒருவர் கத்தரியை நீட்டினார். முடிச்சு நன்றாகத்தான் இருக்கிறது, தனக்குத்தான் மனசில்லை என்றாள். ஏன் என்று எத்தனை பேர் எத்தனை விதமாகக் கேட்டும் வாயைத் திறக்கவில்லை, ஒறம்பரை நிற்கும்போது அவள் எப்படிச் சொல்வாள்? ஒரு காப்பு பாக்கி இருக்கக் கம்பத்தில் கை வைக்க மாட்டேன் என்று பூசாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார், மேளக்காரர்களும் உறையைப் போட்டு மூடினார்கள். அவிழ்த்த கயிற்றையெல்லாம் திரும்பப் பொறுக்கிக் கட்டிக்கொண்டு ஜனங்கள் வீட்டுக்குப் போனார்கள்.

அதற்குப் பிறகு அந்த ஊர் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. சாட்டுக்கு முன்னமே நோம்பிக்கு வந்திருந்த ஒறம்பரைகள் வந்த இடத்திலேயே மாட்டிக்கொண்டார்கள், ஒரு சோபாவில் மூன்று சம்பந்திகள் படுத்தார்கள். திருப்பூர் கம்பெனியில் நைட் ஷிஃப்ட்காரர்களுக்குப் பதிலாக வேறு ஆள் போட்டுவிட்டார்கள். சென்னைக்குப் படிக்கப் போக வேண்டிய பெண் பெட்டியைக் கட்டிவைத்துக்கொண்டு அதன்மேலேயே உட்கார்ந்திருந்தது. கறி தின்று மாதக்கணக்கான ஆண்கள் கோழி கூவுகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், யாரைக் கொல்லச் சொன்னார்களோ அவர்களோடு சிரித்துப் பேசிச் சிரித்துப் பேசி எல்லோருக்கும் வாய் வலித்தது. பெண்கள் விடாமல் தண்ணீர் ஊற்றியதில் வேப்பங்கம்பம் துளிர்விட்டு, நிழல் தருகிற அளவுக்கு வந்துவிட்டது. ஊர் சுகந்தாமணியைத் திட்டியது, அப்புறம் கெஞ்சியது, அப்புறம் அவள் கடைக்குப் போவதை நிறுத்தி, ஜெராக்ஸ் எடுக்கத் தாராபுரம் போனது. தான் பார்க்காத, பிறக்காத, எங்கேயுமே இல்லாத ஒரு பெண்ணுக்காக இருக்கிற அத்தனை பேரையும் பூட்டிவைத்திருக்கிறோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது, இருந்தாலும் முடிச்சில் கையை வைத்தால் இரும்புக் கதவுதான் கண்ணுக்கு வந்தது.

ஒறம்பரை நாள் தவறாமல் எல்லைக்கல்லுக்குப் போய் நடந்தார். இப்போது அதில் அவசரம் இருந்தது, நின்ற இடத்திலேயே ஓடினார்.

நாச்சிமுத்துவின் மகள் ரேணுகா சாட்டுக்கு முன்னமே தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். கால் வீங்கியது, பிரஷர் ஏறியது, பெரியாஸ்பத்திரியில் சேர்த்து அங்கேயே தங்கவைத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். பகலில் கூட்டிப்போய் சாயங்காலம் கூட்டி வந்தார்கள், குலுங்கிக் குலுங்கி அவள் இன்னும் வாடிப்போனாள். கூட்டிப்போய்ச் சேர்த்துவிடு, சாமி மன்னிக்கும் என்று சில பேர் சொன்னார்கள், என்றைக்கோ அப்படி ராத்தங்கப் போய்த் திரும்பாதவர்களின் கதையைச் சில பேர் சொன்னார்கள், ரேணுகாவே, "நான் போகமாட்டேன், எம்புள்ளைக்கு எதாவது ஆயிரும்" என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டாள். நாச்சிமுத்து ஒரு நாள் பகலில் கடைக்கு வந்தார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துச் சுகந்தாமணி எழுந்து நின்றாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார், துடைத்த பிறகும் முகம் ஈரமாகத்தான் இருந்தது.

"அம்முணி, என்ற புள்ள மூச்சு வாங்கறா. உன்னைய அவுக்கச் சொல்லிக் கேக்கல. என்னத்துக்காவ இப்பிடிப் பண்றேன்னு மட்டும் சொல்லிப்போடு. அதத் தெரிஞ்சுக்காம எனக்கு நெஞ்சு ஆறமாட்டீங்குது."

வாசலில் நிழல் விழுந்தது, ஒறம்பரை தேங்காய்க் குலையோடு நின்றுகொண்டிருந்தார். சுகந்தாமணி அவரைப் பார்த்தாள், நாச்சிமுத்துவைப் பார்த்தாள், அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை. கதவையும், கதவுக்குப் பின்னால் யார் என்பதையும், வேறு பொத்தான் இல்லை என்பதையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள்.

ஒறம்பரை குலையை மெதுவாகக் கீழே வைத்தார். நாச்சிமுத்து எழுந்து அவருக்கு ஸ்டூலைக் கொடுத்தார், அவர் உட்காரவில்லை.

"அதற்கும் காரணம் சொல்வார்களா?"

"சொல்லுவாங்க."

"நல்ல காரணமா?"

"நல்ல காரணந்தானுங்க. ஊரே செத்துப்போகும்னு."

"நான் நம்புவேனா?"

"நீங்க எப்பவும் நம்புவீங்க."

"பிறகு வருந்துவேன்."

"ஆமாங்."

 பஸ் ஒன்று வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போயிற்று. பிறகு ஒறம்பரை, கோபம் இல்லாமல், தெரியாததைக் கேட்கிற குரலில் கேட்டார். "இத்தனை பேரிடமும் என்னை நடத்திக் கூட்டிப்போனவர் நீங்கள். முதல் ஆளோடு ஏன் நிறுத்தவில்லை?"

சுகந்தாமணிக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "நீங்க வருத்தப்பட்டீங்கல்லங்க" என்றாள். "கல்லு மாதிரி இருந்திருந்தீங்கன்னா மொத நாளே தூக்கிப் போட்டுட்டுப் போயிருப்பனுங்க. நீங்க அழுதீங்க, நல்லவருன்னு தோணுச்சு. நல்லவரு பண்றாரு, நாம கூடப் போறோம்னு போயிட்டனுங்க."

"ஆக, நான் வருந்தியதால்தான் அவர்கள் செத்தார்கள்."

நாச்சிமுத்து, "அப்பிடியெல்லாம் பேசாதீங்க" என்று இழுத்தார்.

"கயிற்றை அவிழுங்கள்" என்றார் ஒறம்பரை.

"அவுத்தாக் கதவுக்குப் போயிருவீங்களேங்க! அங்க உங்க புள்ளைங்க!"

"இங்கே ஒரு பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறது. அவிழுங்கள். என் மகள் என் பொறுப்பு. இதுவரை நான் எதற்கும் பொறுப்பாக இருந்ததில்லை, சுகந்தாமணி அவர்களே. காரணம் சொன்னவர்கள் பொறுப்பு, பெட்டி பொறுப்பு, பின்னாலிருந்து நடத்தியவர் பொறுப்பு. நான் வருந்துவேன், அவ்வளவுதான் என் பங்கு."

அன்று சாயங்காலமே மேளம் கொட்டியது. போகிறவருக்கு ஊர் குறை வைக்கவில்லை, புளிச்சோறு கட்டிக் கொடுத்தார்கள், முறுக்கு கட்டிக் கொடுத்தார்கள், கோயில் அறையிலிருந்து அவருடைய ஆயுதத்தைப் பொட்டு அழியாமல் எடுத்து வந்து இரண்டு கையாலும் கொடுத்தார்கள். கிழக்குத் தோட்டத்துப் பெரியவர் மட்டும் பக்கத்தில் வந்து தொண்டையைச் செருமி, "அந்தச் சின்ன வேலைங்க" என்று தலையைச் சொறிந்தார். "உங்கள் காரணத்தை அவரிடமே சொல்லிவிடுங்கள்" என்றார் ஒறம்பரை. மேற்குத் தோட்டத்துக்காரர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார், இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து, என்ன எது என்று புரிந்து, முகம் கறுத்துப் போனார்கள்.

சுகந்தாமணி மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தாள். முடிச்சு எளிதாகத்தான் வந்தது. வெளியே கூட்டம் ஓ என்றது, திரும்பிப் பார்த்தபோது அவர் நின்ற இடத்தில் புழுதி மட்டும் இருந்தது. கம்பத்தை ஆளுக்கொரு கை பிடித்துப் பிடுங்கினார்கள், விட்டிருந்த துளிரோடு அதைக் கிணற்றில் விட்டார்கள். ரேணுகாவை ஏற்றிய கார் எல்லைக்கல்லைத் தாண்டியதும் நாச்சிமுத்து ஜன்னல் வழியாகக் கையெடுத்துக் கும்பிட்டார். சம்பந்திகள் பஸ் ஏறினார்கள், சென்னைப் பெண் பெட்டியோடு ஓடியது, கிழக்குத் தோட்டத்திலும் மேற்குத் தோட்டத்திலும் சத்தம் கேட்க ஆரம்பித்தது, நாலைந்து வீட்டில் கோழி அறுத்தார்கள்.

கடையில் சுகந்தாமணி மட்டும் இருந்தாள். திரையில் அந்த இரும்புக் கதவு இருந்தது, ஆனால் முதுகு இல்லை. கதவில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, ஆயுதத்தை மடியில் வைத்துக்கொண்டு, அவர் இந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். அப்படி உட்காருவதற்கு அந்த விளையாட்டில் வழியே கிடையாது. கம்பெனிக்காரக் குரல் காரணத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தது, அவர் தலையைக் குனியவில்லை. கீழே எழுத்து மின்னி மின்னி அணைந்தது, கதவைத் திற, கதவைத் திற என்று. சுகந்தாமணிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. தப்பித்தது அந்தப் பெண், இனி யார் வந்தாலும் அப்பனைத் தாண்டித்தானே போக வேண்டும்?

"அப்பிடியே உக்காந்துக்கங்க" என்றாள் திரையைப் பார்த்து. "கரண்டு போகாம நான் பாத்துக்கறனுங்க. ஒருத்தரையும் இங்க உடமாட்டேன்."

 அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கொஞ்சம் கீழே பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணை எடுக்காமல், வேலைக்குக் கிளம்புமுன் ஒரு ஆளை அளக்கிற பார்வை. அவள் குனிந்து பார்த்தாள். ஜாய்ஸ்டிக் அவள் மடியில் இருந்தது, எப்போது எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை, கட்டைவிரல் கதவைத் திறக்கிற பொத்தான்மேல் இருந்தது. அழுத்தினால் இவர் எப்படி வருந்துவார், எத்தனை பேருக்காக வருந்தியவர், சொந்த மகளுக்கு எப்படி வருந்துவார் என்று பார்க்க அந்த விரலுக்கு ஆசையாக இருந்தது. எத்தனையோ மாதமாக ஆசையாகத்தான் இருந்திருக்கிறது. சுகந்தாமணி விரலை எடுக்கப் பார்த்தாள். அது வரவில்லை, அவரும் அந்த விரலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.